பகல்ல எடுக்காத ஸ்டேஷன் ராத்திரி எப்படி எடுக்குது? ரேடியோ பத்தி வந்த கேள்விகளுக்கு கொஞ்சம் நீளமான பதில்

வேதாரண்யம் பக்கத்துலேருந்து ஒருத்தர் ஒரே மூச்சுல ஏழெட்டு கேள்வி கேட்டிருக்காரு. வீட்ல தாத்தா காலத்து வால்வு ரேடியோ ஒண்ணு இருக்கு, கஜா புயலுக்கு அப்புறம் வாங்கின சின்ன டிஜிட்டல் ரேடியோ ஒண்ணு இருக்கு. பகல்ல திருச்சியும் இலங்கையும் தான் எடுக்குது, ராத்திரி ஆனா பத்து ஸ்டேஷன் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வருது, வீட்டுக்குள்ள வச்சா கரகரன்னு இரைச்சல், மொட்டை மாடிக்கு கொண்டு போனா நல்லா இருக்கு, எஃப்எம்ல சில நாள் இலங்கை ஸ்டேஷன் பக்கத்து ஊர் மாதிரி வருது சில நாள் சுத்தமா இல்ல, ரேடியோ கெட்டுப் போச்சா, வேற வாங்கணுமா, லைசென்ஸ் எதுவும் வேணுமா, தாத்தா ரேடியோவை கரண்ட்ல சொருகிப் பாக்கலாமா. இவ்வளவும் கேட்டிருக்காரு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்க ரேடியோ கெட்டுப் போகல. நீங்க எழுதின அத்தனை அறிகுறியும் ஒழுங்கா வேலை செய்யற ரேடியோவோட அறிகுறி தான். ரேடியோ சரியா எடுக்கலைன்னு மூலையில போடறவங்கள்ல பாதிக்கு மேல பேர் செட்டை குறை சொல்றாங்க, ஆனா பிரச்சினை அலை வர்ற வழியில இருக்கும், இல்லாட்டி நேரத்துல இருக்கும், இல்லாட்டி நம்ம வீட்டு எல்இடி பல்புல இருக்கும். இதை புரிஞ்சுகிட்டா பாதி ரிப்பேர் செலவு மிச்சம்.

மீடியம் வேவ் கதையிலேருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுல தான் விஷயம் அதிகம். திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ்னு சொன்னா அந்த டிரான்ஸ்மிட்டர் செகண்டுக்கு 9 லட்சத்து 36 ஆயிரம் தடவை அதிருதுன்னு அர்த்தம், ஒரு அலையோட நீளம் 320 மீட்டர் சொச்சம். பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும், நிகழ்ச்சி ஆரம்பிக்கும்போது "மத்திய அலை 320.5 மீட்டர் அதாவது 936 கிலோஹெர்ட்ஸ்"னு சொல்ற பாணி. கணக்கு ரொம்ப சிம்பிள், 3 லட்சத்தை கிலோஹெர்ட்ஸால வகுத்தா மீட்டர் வந்துடும், சென்னை ஏ 720ன்னா 416.6 மீட்டர். இவ்வளவு நீளமான அலை தரையை ஒட்டியே வளைஞ்சு போகும், அதனால பகல்ல நூறு இருநூறு கிலோமீட்டர் வரைக்கும் தரை வழியா வந்து சேருது. இதே டிரான்ஸ்மிட்டர்லேருந்து மேல வானத்தை பாத்தும் அலை போகுது, ஆனா பகல்ல அது திரும்பி வராது. காரணம் சூரியன். வெயில் இருக்கிற வரைக்கும் 60லேருந்து 90 கிலோமீட்டர் உயரத்துல டி அடுக்குன்னு ஒண்ணு உருவாகி இருக்கும், அங்க காத்து ஓரளவு அடர்த்தியா இருக்கறதால அலையோட சக்தியை வாங்கின எலக்ட்ரான் எல்லாம் காத்து மூலக்கூறுல மோதி அதை சூடா கரைச்சுடும். பொழுது சாஞ்ச கொஞ்ச நேரத்துல அந்த அடுக்கு மறைஞ்சு போகுது, அதுக்கு மேல நூறு கிலோமீட்டரைத் தாண்டி இருக்கிற அடுக்குங்க மட்டும் நிக்குது, அதுல பட்டு அலை வளைஞ்சு பூமிக்கு திரும்புது, ஐநூறு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து இறங்குது. அதான் உங்களுக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல ஆந்திரா, கர்நாடகா, வடக்கேலேருந்து எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு வருது. நம்ம பக்கம் மீடியம் வேவ்ல 531லேருந்து 1602 வரைக்கும் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில மொத்தமே 120 இடம் தான், அதை எத்தனையோ நாட்டு ஸ்டேஷனுங்க பங்கு போட்டுக்குது. பகல்ல ஒருத்தர் எல்லைக்குள்ள ஒருத்தர் வரமாட்டாங்க, ராத்திரி எல்லை கிடையாது.

இப்ப இலங்கை மட்டும் ஏன் உங்களுக்கு பகல்லயும் எடுக்குது? கடல். உப்புத்தண்ணி நல்லா கரண்ட் கடத்தும், அதனால தரை வழி அலை மண்ணு மேல போறதை விட கடல் மேல ரொம்ப தூரம் தேயாம போகும். இலங்கை மேற்குக் கரையில இருக்கிற புத்தளத்துலேருந்து தூத்துக்குடிக்கு நேர்கோடு போட்டா 200 கிலோமீட்டர் சொச்சம், மொத்தமும் தண்ணி தான். புத்தளத்துலேருந்து 882 கிலோஹெர்ட்ஸ்ல ஒலிபரப்பற டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவோட 400 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரை நம்ம கடலோர ஊர்கள்ல பல வருஷமா பகல்லயே கேட்டிருக்காங்க. உள்ள தள்ளி சேலம் தர்மபுரின்னு போனா அதே ஸ்டேஷன் பகல்ல பலவீனமா தான் இருக்கும்.

இலங்கை வானொலிக்கு தமிழ்நாட்டுல அப்படி ஒரு மவுசு வந்ததுக்கு நிகழ்ச்சி நல்லா இருந்தது ஒரு காரணம், இந்த கடலும் வானமும் இன்னொரு காரணம், மூணாவது காரணம் டெல்லி. 1952ல பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரா வந்ததும் ஆகாசவாணியில சினிமா பாட்டை ஒதுக்கி வச்சாங்க, சனங்க அப்படியே முள்ளைத் திருகி கொழும்புக்கு போயிட்டாங்க. அங்க அறிவிப்பாளரா இருந்த மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் குரல் எல்லாம் இங்க வீட்டு மனுஷங்க குரல் மாதிரி ஆனது அப்படித்தான். 1957 அக்டோபர் 3ல விவித்பாரதி ஆரம்பிச்சதே அந்த கூட்டத்தை திருப்பி இழுக்கத்தான். கொழும்புல ஒலிபரப்பு ஆரம்பிச்சது 1925 டிசம்பர்ல, ஆசியாவுலயே ரொம்ப பழைய நிலையங்கள்ல ஒண்ணு. சென்னையில அதுக்கு முன்னாடியே 1924ல சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முன்னெடுத்த மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பு நடத்துச்சு, காசு இல்லாம 1927ல நின்னு போச்சு, அப்புறம் 1930ல சென்னை மாநகராட்சி எடுத்து நடத்துச்சு, 1938 ஜூன் 16ல அகில இந்திய வானொலி சென்னை நிலையம் வந்துச்சு, அடுத்த வருஷமே திருச்சி. நம்ம ஊர் ரேடியோ சரித்திரம் இவ்வளவு பழசுன்னு பல பேருக்கு தெரியறதில்ல, அதனால தான் எழுதினேன்.

இன்னொரு கேள்வி, "150 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஸ்டேஷன் பகல்ல சுத்தமா எடுக்குது, ராத்திரி தான் ஏறி இறங்கி குரல் கொழகொழன்னு ஆகுது, ராத்திரி நல்லா தானே எடுக்கணும்?" இல்லங்க. அந்த தூரத்துல ராத்திரி ரெண்டு அலை வருது, தரை வழியா ஒண்ணு, வானத்துல பட்டு ஒண்ணு, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே பலம். வானத்து வழி நீளம் மாறிகிட்டே இருக்கும், அதனால ஒரு நேரம் ரெண்டும் சேர்ந்து பலம் கூடும், ஒரு நேரம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், அதுலயும் சத்தத்தோட ஒரு பகுதி மட்டும் அடிபட்டா குரல் சிதைஞ்சு கேக்கும். செட்டை மாத்தினாலும் இது போகாது.

இதோட சேர்த்து ஒரு பழைய சந்தேகத்தையும் தீர்த்துடறேன், சில பேர் கேப்பாங்க, "அந்தக் காலத்துல உள்ளூர் ஸ்டேஷன் நல்லா கிளியரா வரும், காலை 7:15 டெல்லி செய்தி வந்தா மட்டும் ஏன் சத்தம் ஏறி ஏறி இறங்கும்?"னு. செய்தி வாசிச்ச சரோஜ் நாராயணசுவாமி குரலை அப்படி அலை அடிச்ச மாதிரி கேட்டவங்க நிறைய பேர் இருப்பாங்க. சேட்டிலைட் வர்றதுக்கு முன்னாடி டெல்லியிலேருந்து ஷார்ட்வேவ்ல, அதாவது வானத்துல பட்டு ரொம்ப தூரம் போற சிற்றலையில, அனுப்புவாங்க, நம்ம ஊர் நிலையத்துல ரிசீவர் வச்சு அதை எடுத்து மீடியம் வேவ்ல மறுபடி விடுவாங்க. ஏத்த இறக்கம் எல்லாம் டெல்லிக்கும் திருச்சிக்கும் நடுவுல வானத்துல நடந்தது, உங்க வீட்டு ரேடியோ அதை உள்ளபடி கேக்க வச்சுது.

வானம்னு சொன்னதும் இன்னொண்ணு, நம்ம தென்கோடி இதுல ஒரு தனி இடம். பூமியோட காந்த நடுக்கோடு தெற்கு தமிழ்நாடு, கேரளா பக்கமா போகுது. 1963 நவம்பர்ல தும்பாவுல முதல் ராக்கெட் விட்டதே அந்த காந்தக்கோடு பக்கத்துல இருந்து மேல் வானத்தை ஆராயத்தான், திருநெல்வேலியிலயும் இதுக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. பொழுது சாஞ்ச பிறகு இந்த பகுதிக்கு மேல, அலையை திருப்பி அனுப்பற அடுக்குங்கள்ல உயரத்துல இருக்கிற எஃப் அடுக்கு கொந்தளிச்சு திட்டுத்திட்டா ஆகும், அப்ப ஷார்ட்வேவ் கேட்டா குரல் படபடன்னு நடுங்கற மாதிரி வரும். சாயங்காலம் ஏழு எட்டு மணிக்கு அந்த நடுக்கம் கேட்டா செல் தீர்ந்து போச்சுன்னு நினைக்காதீங்க.

சரி, வீட்டு இரைச்சல். இது தான் இப்ப எல்லா வீட்டுலயும் பெரிய தொல்லை. மீடியம் வேவும் ஷார்ட்வேவும் ஏஎம் ஒலிபரப்பு, அதுல சத்தத்தோட ஏத்த இறக்கத்தை அலையோட உயரத்துல தான் ஏத்தி அனுப்பறாங்க, நம்ம வீட்ல ஒரு ஸ்பார்க் வந்தாலும் அது அலையோட உயரத்துல போய் உக்காந்துக்கும், ரேடியோவுக்கு ரெண்டையும் பிரிக்கத் தெரியாது. எஃப்எம்ல சத்தம் அதிர்வெண் மாற்றத்துல இருக்கு, உயரத்தை ரேடியோவே வெட்டி சமமாக்கிடும், அதனால இரைச்சல் பெருசா ஒட்டாது. எல்இடி பல்பு, மலிவு மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், டிவி, வைஃபை பெட்டியோட அடாப்டர், சோலார் இன்வெர்ட்டர் எல்லாத்துக்குள்ளயும் கரண்டை செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடற சர்க்யூட் இருக்கு, அதோட இரைச்சல் மீடியம் வேவ் முழுக்க பரவும். ஃபேன் ரெகுலேட்டர்ல கூட, வழுவழுன்னு சுத்தற டிம்மர் மாதிரி ரெகுலேட்டர் கத்தும், டக் டக்னு அஞ்சு ஸ்டெப்பா திருகறது பெரும்பாலும் கத்தாது.

கண்டுபிடிக்கிற வழி இது. ரேடியோவை செல்லுல ஓட விடுங்க, அடாப்டர் வேண்டாம். ஸ்டேஷன் இல்லாத இடத்துல முள்ளை வச்சு சத்தத்தை கூட்டி வைங்க. மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க, இன்வெர்ட்டர் இருந்தா அதையும். இரைச்சல் டக்குனு நின்னா எதிரி வீட்டுக்குள்ள இருக்கான், ஒவ்வொரு ஃபியூசா போட்டு பாருங்க, எந்த ரூம்னு தெரிஞ்சதும் ஒவ்வொரு பிளக்கா. பல நேரம் யாரும் போன் போடாம சும்மா சொருகி வச்சிருக்கிற ஒரு சார்ஜர் தான் மாட்டும். மெயினை ஆஃப் பண்ணியும் இரைச்சல் இருந்தா பக்கத்து வீடு இல்லாட்டி ஈபி லைன். உங்க மாதிரி கடலோரத்துல, அதுவும் உப்பளம் பக்கத்துல, கம்பத்து பீங்கான் மேல உப்பு படிஞ்சு ஈரக்காத்துல கரண்ட் கசிஞ்சு பொறி விடும், அது பட்டர் பட்டர்னு கேக்கும், நல்ல மழை பெஞ்சு கழுவி விட்டா அடங்கிடும். மழைக்கு அப்புறம் ரேடியோ திடீர்னு நல்லா இருக்குன்னா இது தான் காரணமா இருக்கும், லைன்மேன் கிட்ட சொல்லுங்க, அவங்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம். வானத்துல இடி மின்னல் இருந்தாலும் ஏஎம்ல படார் படார்னு கேக்கும், நூறு இருநூறு கிலோமீட்டர் தள்ளி அடிக்கிற மின்னல் கூட, அதுக்கு மருந்து இல்ல.

ஏரியல் பத்தி ஒரு பெரிய தப்பு எண்ணம் இருக்கு. மேல இழுத்து விடற கம்பி ஏரியல் எஃப்எம்முக்கும் ஷார்ட்வேவுக்கும் தான், மீடியம் வேவுக்கு அதை இழுத்தாலும் மடக்கினாலும் ஒண்ணுமில்ல. மீடியம் வேவுக்கு செட்டுக்குள்ள கருப்பா ஒரு ஃபெரைட் கம்பி, அது மேல செம்பு கம்பி சுத்தின காயில் இருக்கும், அதான் ஏரியல். அந்த கம்பியோட பக்கவாட்டு ஸ்டேஷனை பாத்து இருந்தா நல்லா எடுக்கும், நுனி ஸ்டேஷனை பாத்துட்டா எடுக்காது. அதனால ஏஎம் கேக்கும்போது ரேடியோவையே மெதுவா சுத்தணும், கால் வட்டம் சுத்தினா போதும், வித்தியாசம் தெரியும். ராத்திரி ரெண்டு ஸ்டேஷன் மோதுதுன்னு சொன்னீங்களே, வேண்டாததை நுனிக்கு நேரா வர்ற மாதிரி திருப்பி வச்சா அது தணிஞ்சு போகும், வேண்டியது மேல வரும். இரைச்சல் போடற சார்ஜருக்கும் இதே வித்தை.

இன்னும் பலம் வேணும்னா பிளாஸ்டிக் உறை போட்ட சாதா வயர் ஒரு பத்து மீட்டர் எடுத்து ஒரு முனையை வெளிய மரத்துல உயரமா கட்டுங்க, மறுமுனையை ஈரமண்ணுல அடிச்ச இரும்பு கம்பியில கட்டுங்க, நடுவுல அந்த காயில் இருக்கிற பக்கமா ரேடியோ மேல ஏழெட்டு சுத்து சுத்துங்க, செட்டை திறக்கவே வேண்டாம். ஈபி லைன் பக்கத்துல மட்டும் வயரை கொண்டு போகாதீங்க, இடி மின்னல்னா கழட்டி வெளிய போட்டுடுங்க. அந்தக் காலத்துல மாடியில ரெண்டு மூங்கில் நட்டு வலை மாதிரி பின்னின செம்பு ஏரியல் கட்டி எர்த்தும் போட்டது வீண் வேலை இல்ல, வால்வு செட்டுக்கு ஃபெரைட் கம்பி பெரும்பாலும் கிடையாது, ஏரியலும் எர்த்தும் இல்லாம அது வெறும் பெட்டி.

உங்க டிஜிட்டல் ரேடியோவுல திருச்சிக்கு 936ன்னு வைக்க முடியல, 940ல வச்சா தான் பிசிறோட வருதுன்னும் எழுதியிருக்கீங்க. செட்டிங் விஷயம் தான். அமெரிக்கா பக்கம் ஏஎம் ஸ்டேஷனுங்க 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, நமக்கு 9. வெளிநாட்டு செட்டு 10ல செட் பண்ணி வந்திருக்கும், 720 ரெண்டு கணக்குலயும் வரும், அதனால சென்னை சரியா இருக்கும், 936, 783, 1197 எல்லாம் தள்ளிப் போயிடும். பல செட்ல ஆஃப் பண்ணி வச்சுட்டு ஸ்டெப் பட்டனை கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சா 9க்கு மாறும், மேனுவல்ல பாத்துக்குங்க. புதுசா வாங்கறவங்க கடையில கேக்க வேண்டிய முதல் கேள்வி இது தான், இந்த வசதி இல்லாத செட்டை வாங்காதீங்க. ரெண்டாவது கேள்வி சாதா பென்சில் செல் போடலாமான்னு. உள்ளேயே ஒட்டின சார்ஜ் பேட்டரி மட்டும் இருக்கிற செட்டு கரண்ட் இல்லாத வாரத்துல கை விட்டுடும்.

மீடியம் வேவ்ல ஸ்டேஷனே இல்லாம ஷ்ஷ்ஷ்னு ஒரே சீரா பலமான இரைச்சல் மட்டும் ஒரு இடத்துல கேட்டா அது டிஆர்எம்ங்கிற டிஜிட்டல் ஒலிபரப்பா இருக்கலாம். ஆகாசவாணி பல ஊர்ல அந்த டிரான்ஸ்மிட்டர் வச்சிருக்கு, சில புது காருங்கள்ல அதை எடுக்கிற ரேடியோ வருது, நம்ம சாதா செட்டுக்கு அது வெறும் இரைச்சல் தான். ஷார்ட்வேவ்ல ஒரே ஸ்டேஷன் டயல்ல ரெண்டு இடத்துல வருதா? அதுவும் கோளாறு இல்ல, மலிவு செட்டுங்க உள்ளுக்குள்ள எல்லா ஸ்டேஷனையும் 455 கிலோஹெர்ட்ஸுக்கு மாத்தி தான் கேக்குது, அதுல ரெட்டிப்பு 910, அதனால உண்மையான இடத்துக்கு 910 கீழ ஒரு நிழல் விழும். மேல இருக்கிறது தான் நிஜம்.

எஃப்எம் வேற மாதிரி. கொடைக்கானல் 100.5 மெகாஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு 10 கோடியே 5 லட்சம் அதிர்வு, அலை நீளம் 3 மீட்டர் தான், இது தரையை ஒட்டி வளையாது, வானமும் திருப்பி அனுப்பாது. கோடியக்கரை லைட்ஹவுஸ் வெளிச்சம் மாதிரி, விளக்கு எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம். கணக்கு கூட உண்டு, டவர் உயரத்தை மீட்டர்ல எடுத்து வர்க்கமூலம் போட்டு 4.12ஆல பெருக்கினா தொடுவானம் எத்தனை கிலோமீட்டர்னு வரும். 100 மீட்டர் டவருக்கு 41 கிலோமீட்டர். கொடைக்கானல் 2100 மீட்டர், அதுக்கு கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர், அதான் 10 கிலோவாட்லயே மதுரை, தேனி, திண்டுக்கல்லை தாண்டி அத்தனை மாவட்டத்துல கொடை எஃப்எம் கேக்குது. சமுதாய வானொலிக்கு டவர் 30 மீட்டருக்குள்ள, பலமும் 100 வாட்டுக்குள்ள தான், அதனால பத்து பதினஞ்சு கிலோமீட்டர் தாண்டாது. தாண்டவும் வேண்டாம், அது அந்த ஊருக்குன்னே இருக்கிறது. 2004 பிப்ரவரியில அண்ணா பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச அண்ணா எஃப்எம் 90.4 இந்தியாவுல இந்த வகையில முதல் நிலையம். பாம்பன்ல மீனவங்களுக்குன்னே நடக்கிற கடல் ஓசை 90.4 இருக்கு, காத்து எப்படி கடல் எப்படின்னு அந்த ஊர் பேச்சுலயே சொல்ற ரேடியோ, இப்படி கடலோரம் முழுக்க ஒண்ணு ஒண்ணு வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

அப்ப இலங்கை எஃப்எம் எப்படி வருது? கோடியக்கரைலேருந்து யாழ்ப்பாணக் கரை 50 கிலோமீட்டர் சொச்சம் தான், நடுவுல மலை இல்ல கட்டடம் இல்ல, உயரமான டவர்னா சாதாரணமாவே எட்டும். இதுல இன்னொண்ணு, கடல் மேல கீழ் காத்து குளிர்ந்தும் ஈரமாவும் அதுக்கு மேல சூடான காய்ஞ்ச காத்தும் படிஞ்சா நடுவுல ஒரு குழாய் மாதிரி பாதை உண்டாகி அலை அதுக்குள்ளேயே வழுக்கி ரொம்ப தூரம் போயிடும். அந்த மாதிரி காத்து அசையாத வெக்கை நாள்ல சாயங்காலமும் விடியக்காலையும் இலங்கையோட சூரியன் எஃப்எம், சக்தி எஃப்எம் எல்லாம் உங்களுக்கு உள்ளூர் போல வரும், காத்து கலைஞ்சதும் போயிடும். அப்பவும் ரெண்டு ஸ்டேஷன் கலந்து கேக்காது, எஃப்எம் ரிசீவர் பலமானதை மட்டும் பிடிச்சுகிட்டு இன்னொண்ணை அமுக்கிடும்.

எஃப்எம்ல லேசா ஸ்ஸ்னு இரைச்சல் இருந்தா ஸ்டீரியோவை மோனோவுக்கு மாத்துங்க, உடனே குறையும். மொபைல்ல எஃப்எம் கேக்க ஏன் இயர்போன் சொருகணும்னா அந்த வயர் தான் ஏரியல், 100 மெகாஹெர்ட்ஸுக்கு முக்கால் மீட்டர் வயர் அளவா பொருந்தும். ப்ளூடூத் மாட்டினா ஏரியல் கிடையாது. ஆப்ல கேக்கற ரேடியோ இன்டர்நெட்ல வருது, நேரடி ரேடியோவை விட பல செகண்டு தாமதம், டவர் போனா அதுவும் போயிடும்.

ஷார்ட்வேவ்ல இப்ப என்ன மிச்சம்னு கேட்டிருக்கீங்க. குறைஞ்சு போச்சு, உண்மை தான். பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலோட ரேடியோவை நிறுத்திட்டாங்க, அடுத்த வருஷம் வெரித்தாஸ் வானொலியும் ஷார்ட்வேவை விட்டுடுச்சு. இருந்தாலும் பேண்ட் காலி ஆகல, பகல்ல 19, 25 மீட்டர், ராத்திரி 31, 41, 49 மீட்டர்னு தேடுங்க, சூரியன் இருக்கும்போது உயர்ந்த அதிர்வெண், மறைஞ்சா தாழ்ந்தது, இது பொது விதி. மார்ச் கடைசியிலயும் அக்டோபர் கடைசியிலயும் எல்லா நாட்டு ஸ்டேஷனும் இடம் மாத்தும், நேத்து இருந்தது இன்னைக்கு இல்லைன்னா அதான். நேரப்பட்டியல்ல யுடிசின்னு, அதாவது உலகப் பொது நேரம்னு, போட்டிருந்தா அஞ்சரை மணி நேரம் கூட்டிக்குங்க. சூரியனுக்கு 11 வருஷ சுத்து ஒண்ணு இருக்கு, அது உச்சத்துல இருக்கிற வருஷங்கள்ல உயர் பேண்டுங்க பிரமாதமா திறக்கும், 2024ல அந்த உச்சக்கட்டம் வந்தாச்சுன்னு நாசா அறிவிச்சாங்க.

புயல் விஷயத்துக்கு வர்றேன். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா கரை ஏறினது உங்க ஊர் பக்கம் தான், கரண்ட் வர வாரக்கணக்குல ஆச்சு, செல்போன் டவருக்கு டீசல் தீர்ந்ததும் போன் செத்துது. அந்த மாதிரி நேரத்துல நூறு இருநூறு கிலோமீட்டர் தள்ளி பத்திரமா நிக்கிற ஒரு மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர் போதும், உங்க கையில செல்லு போட்ட சின்ன செட்டு இருந்தா செய்தி வந்துடும், உங்க ஊர்ல எந்த டவரும் நிக்கணும்னு அவசியமில்ல. அதனால தான் பல நாட்டுல, நம்ம நாட்டுலயும், மீடியம் வேவை நிறுத்திட்டு எஃப்எம்முக்கு மாறறப்ப எனக்கு மனசு கேக்கறதில்ல. வீட்ல ஒரு செட்டு வைங்க, செல்லை உள்ள போட்டு வைக்காம பாலிதீன் பையில தனியா பக்கத்துல கட்டி வைங்க, உள்ளேயே விட்டா ஒழுகி ஸ்பிரிங்கை தின்னுடும்.

லைசென்ஸ்: கேக்கறதுக்கு எதுவும் வேண்டாம். ஒரு காலத்துல போஸ்டாபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டி ரேடியோவுக்கு லைசென்ஸ் புத்தகம் வச்சிருக்கணும், 1980கள்ல அதை எடுத்துட்டாங்க. பேசறதுக்கு, அதாவது அலை அனுப்பறதுக்கு வேணும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ்ல வேலை செய்யற, அனுமதிச்ச பலத்துக்குள்ள இருக்கிற வாக்கி டாக்கிக்கு விலக்கு உண்டு, மத்தபடி ஆன்லைன்ல கிடைக்கிற எல்லா பேண்டுலயும் பேசற செட்டை வாங்கி பட்டனை அமுக்கறது சட்டப்படி குற்றம், போலீஸோ படகுங்களோ பேசற இடத்துல போய் விழுந்தா ஆபத்தும் கூட. கடல்ல 156.8 மெகாஹெர்ட்ஸ், சேனல் 16, ஆபத்துல கூப்பிடறதுக்குன்னு உலகம் முழுக்க ஒதுக்கினது.

நிஜமா பேச ஆசைன்னா ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்குக்கு லைசென்ஸ் வாங்கி ரேடியோவுல பேசறது, அந்த பக்கம் வாங்க. மத்திய அரசு டெலிகாம் துறை தேர்வு வைக்குது, ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல்னு ரெண்டு தரம், அடிப்படை எலக்ட்ரானிக்ஸும் விதிமுறையும் படிச்சா போதும், பாஸ் பண்ணா வி.யு.2, வி.யு.3ன்னு ஆரம்பிக்கிற உங்க பேர்ல ஒரு அழைப்புக்குறி கிடைக்கும். 2004 டிசம்பர்ல பாரதி பிரசாத்னு ஒரு ஹாம், அவங்க குழுவோட அந்தமானுக்கு அனுமதி வாங்கி ரேடியோ போட்டு உலகத்தோட பேசிகிட்டிருந்தாங்க, 26ம் தேதி சுனாமி வந்து தீவுக்கு போன் தொடர்பு அறுந்ததும் அதே செட்டை வச்சு போர்ட் பிளேர்லேருந்து உயிரோட இருக்கிறவங்க தகவலை மெயின்லேண்டுக்கு அனுப்பிகிட்டே இருந்தாங்க. பொழுதுபோக்குக்கு படிச்ச படிப்பு அன்னைக்கு எத்தனை வீட்டுக்கு தூக்கத்தை திருப்பிக் கொடுத்திருக்கும்.

கடைசியா தாத்தா ரேடியோ. தயவு செஞ்சு நேரா கரண்ட்ல சொருகாதீங்க. வால்வு செட்டுக்குள்ள 200, 250 வோல்ட் டிசி ஓடும், ஆஃப் பண்ணின பிறகும் பெரிய கண்டென்சருக்குள்ள அது கொஞ்ச நேரம் நிக்கும், கை வச்சா தூக்கி அடிக்கும். சில மாடல்ல டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது, உள்ள இருக்கிற இரும்பு சட்டமே மெயின் கரண்டோட சேர்ந்திருக்கும். முப்பது நாப்பது வருஷம் சும்மா கிடந்த ஃபில்டர் கண்டென்சரும் மெழுகு காகித கண்டென்சரும் காய்ஞ்சு போயிருக்கும், திடீர்னு முழு வோல்ட்டேஜ் ஏறினா வெடிக்கும், கூடவே டிரான்ஸ்ஃபார்மரையும் எரிச்சுடும், அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு இப்ப மாத்து கிடைக்கிறது கஷ்டம். வால்வு வேலை தெரிஞ்ச பழைய மெக்கானிக் யாராவது கும்பகோணம், தஞ்சாவூர்னு பெரிய ஊர்ல இருக்காங்களான்னு விசாரிங்க, முதல்ல கண்டென்சரை மாத்தச் சொல்லுங்க, மெயின் வயரை மாத்தச் சொல்லுங்க, அதுக்கப்புறம் ஒரு 60 வாட் குண்டு பல்பை சீரீஸ்ல போட்டு தான் முதல் தடவை கரண்ட் கொடுக்கச் சொல்லுங்க, பல்பு பளிச்சுனு எரிஞ்சே நின்னா உள்ள ஷார்ட் இருக்கு, முதல்ல எரிஞ்சு அப்புறம் மங்கினா நல்ல சேதி. டயல் கயிறு அறுந்திருந்தா அதுக்கு மீன்பிடி நைலான் சரியா வராது, வழுக்கும், அதுக்குன்னே இருக்கிற டயல் கயிறு தான் போடணும்.